சான்றை வினவும் கல்வி

வரலாறு என்றவுடன் ஆண்டுகளும் அரசர் பெயர்களும் நிறைந்த மனப்பாடப் பாடமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழகத்தில் அது கற்பிக்கப்படும் முறையை அறிந்தால் இவ்வெண்ணம் மாறும். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் 1872இல் வரலாறு, சட்டத்திலிருந்து பிரிந்து தனிப் பட்டப்படிப்பாயிற்று. மூன்றாண்டுக்கால இளங்கலைப் படிப்பான அதில் விரிவுரைகள் உண்டு; எனினும், அதன் உயிர்நாடி 'டியூட்டோரியல்' எனப்படும் சிறுகுழு வகுப்பே ஆகும்.

ஆசிரியர் ஒரு வினாவையும் நூற்பட்டியலையும் தருவார். மாணவர் அந்நூல்களைப் பயின்று கட்டுரை எழுதி வருவார். ஓரிரு மாணவரே அமரும் வகுப்பில் அக்கட்டுரை ஆராயப்படும். இம்முடிவுக்குச் சான்று யாது, இச்சான்றுக்கு வேறு பொருள் கொள்ள இயலாதா என ஆசிரியர் வினவுவார். தம் கருத்து நிலைபெறாதபோது அதைத் திருத்திக்கொள்வது மாணவருக்கு இழுக்கன்று; அதுவே கற்றல்.

மதிப்பீடும் இந்நோக்கிலேயே அமைந்துள்ளது. முதலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டத்தின் தரத்தில் சேர்வதில்லை. இறுதி மதிப்பீட்டில் தேர்வுகளுடன் 12,000 சொற்கள் வரையிலான ஆய்வேடும் இடம்பெறுகிறது. சிறப்புப் பாடத்தேர்வில் கடிதம், அரசாணை போன்ற மூலச்சான்றுகளின் சிறு பகுதிகள் தரப்படும். அவற்றை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விடுத்தார் என்பவற்றை மாணவர் விளக்க வேண்டும்.

ஆண்டுகளும் பெயர்களும் வேண்டாதன அல்ல, அவை கருவிகள். அக்கருவிகளைக் கொண்டு சான்றின் வலிமையை எடைபோடக் கற்றவர், நாளை தம்மிடம் வரும் எச்செய்தியையும் ஆராயாமல் நம்பார்.