வெயிலடிக்கும்போதே வரும் வெள்ளம்

பாலவாக்கம் கடற்கரை மணலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். கண்ணெதிரே உள்ளே போய்விடும். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை நீளும் இந்த மணற்படுகைதான் மழையைக் குடித்துக் கிணறுகளுக்கு நன்னீர் தருகிறது. மலைப்பாறைக்கு அந்தத் தாகம் கிடையாது.

2024 மே 17. குற்றாலத்தில் சீசன் இன்னும் தொடங்கவில்லை. பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது திடீரென வெள்ளம் பாய்ந்தது. பதறியடித்துப் படியேறியவர்கள் தப்பினார்கள். 17 வயது மாணவர் ஒருவரை நீர் இழுத்துச் சென்றது, அவர் பிழைக்கவில்லை.

அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 10 லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் எண்பதுக்கும் மேல்! 5 சென்டிமீட்டர் கொட்டினால் நாலாயிரம் லாரியைத் தாண்டும். மலைப்பாறை மேல் கிடக்கும் மெல்லிய மண் ஊறியதும், மிச்சமெல்லாம் ஓடைக்குத்தான்.

மலையின் கடைசி மூலையில் விழுந்த துளி அருவிக்கு வந்து சேர ஆகும் நேரத்தைக் ‘குவிநேரம்’ எனலாம். செங்குத்தான சிறு மலைகளில் இது மிகக் குறைவு. மழை அந்த நேரத்தையும் தாண்டி நீடித்தால், எல்லாக் கிளை ஓடைகளும் ஒரே சமயத்தில் வந்து சேரும்.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஆழமான நீர் ஆழமற்ற நீரைவிட வேகமாக ஓடும். ஆகவே பின்னால் வரும் பெருவெள்ளம் முன்னால் போகும் சிறு ஓட்டத்தை எட்டிப்பிடித்து அதன்மேல் ஏறுகிறது. அதனால்தான் வெள்ளம் படிப்படியாக உயராமல் சுவர்போல வருகிறது. வேகம் இரட்டித்தால் அது ஆளைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலளவு நீரே சாய்த்துவிடும்.

அமெரிக்காவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் இறந்தார்கள். மழை பெய்ததோ பல கிலோமீட்டர் தள்ளி. தலைக்கு மேலே வானம் தெளிந்திருப்பதை நம்புவதுதான் ஆபத்து.

ஆனால் வெள்ளம் பெரும்பாலும் முன்கூட்டியே ஆளனுப்பும். தெளிந்த நீர் கலங்கும், சருகும் சுள்ளியும் மிதந்து வரும், இரைச்சல் கூடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும், போலீஸ் விசில் கேட்டாலும், செருப்பையும் துண்டையும் தேடாதீர்கள். ஓடையை ஒட்டிக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.