தண்டுவடத்தில் அடி: முதல் 24 மணி நேரம்

நம் மாவட்டத்து வணிகத்தில் முதுகெலும்புக்கு ஆபத்து மூன்று வழியில் வருகிறது. புளி உலுக்க மரமேறியவர் கிளை முறிந்து விழுகிறார். மூட்டை அட்டியிலிருந்தோ லாரி லோடிலிருந்தோ சுமை தூக்குபவர் சறுக்கி விழுகிறார். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் சரக்கு லாரி மோதுகிறது. அடிபடுகிறவர் நம்மை நம்பி உழைப்பவர். ஆகவே இதைத் தெரிந்துகொள்வது நம் கடமை.

முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் பருமனில் ஓடுவது தண்டுவடம். மூளையின் கட்டளையைக் கை கால்களுக்குக் கொண்டு செல்வது இதுவே. எலும்பு நொறுங்கி அதை நசுக்கும்போது முதல் சேதம் அந்த நொடியிலேயே நடந்துவிடும். அடுத்த சில மணி நேரங்களில் வீக்கம் கூடி, ரத்த ஓட்டம் குறைந்து, தப்பியிருந்த நரம்புகளும் சாகத் தொடங்கும். இந்த இரண்டாவது சேதத்தைக் குறைக்கவே அறுவை சிகிச்சை. அழுத்தும் எலும்பை அகற்றி, கம்பியும் திருகாணியும் வைத்து முதுகெலும்பை நிலைநிறுத்துவார்கள்.

அதை எப்போது செய்வது என்பதில் மருத்துவர்களிடையே நெடுநாள் கருத்து வேறுபாடு இருந்தது. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட 313 பேரைச் சேர்த்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012-ல் வெளியாயிற்று. 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் ஆறு மாதத்தில் நன்கு தேறியவர்கள் நூற்றுக்குச் சுமார் 20 பேர். பிந்திச் செய்யப்பட்டவர்களில் 9 பேர். 2021-ல் 1,548 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோதும், 24 மணி நேரத்துக்குள் செய்வதே மேல் என்று தெரிந்தது. மூச்சும் ரத்த அழுத்தமும் சீராக இல்லாதவருக்கு முதலில் அவற்றைச் சரிசெய்வார்கள். அதை மருத்துவரே முடிவு செய்வார்.

நம் ஊர்களில் நேரம் எங்கே போகிறது? நாட்டுக்கட்டுப் போட்டுப் பார்ப்பதில் ஒரு நாள். பணம் புரட்டுவதில் ஒரு நாள். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி அலைவதில் இன்னொரு நாள். சரக்கு நனைந்த பின் தார்ப்பாய் தேடும் கதைதான்.

நாம் செய்ய வேண்டியவை சில. விழுந்தவரைக் கை காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கவும் கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். ஆபத்தான இடமாயிருந்து நகர்த்தியே ஆகவேண்டுமானால், நாலு பேர் சேர்ந்து, தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்கப் பலகையில் கிடத்த வேண்டும். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தரக்கூடாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் வேறு எதுவானாலும், ஸ்கேன் முடிந்ததும், "அறுவை இங்கேயா, சேலத்திலா?" என்று உடனே கேட்டுவிட வேண்டும். சாலை விபத்தானால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

24 மணி நேரம் கடந்துவிட்டால் கைவிட வேண்டும் என்பதல்ல. தாமதமான அறுவையும் வலியைக் குறைத்து, நோயாளி சீக்கிரம் எழுந்து உட்கார உதவும். 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் கண்டவர்.

ஒவ்வொரு மண்டியிலும் ஆள் நீளத்துக்கு ஒரு பலகை இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு மூட்டைப் புளியின் விலைகூட இராது.