ஒரு சட்டை, ஒரு பெட்டி, ஒரு கிணறு

பஞ்சாப் மாநிலத்தில் அமிர்தசரஸ் என்ற ஊர் இருக்கிறது. பொற்கோயில் உள்ள ஊர் அது. கோயிலுக்குச் சற்றுத் தூரத்தில் பழைய டவுன் ஹால் கட்டடம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதன் பெயர் பிரிவினை அருங்காட்சியகம்.

அருங்காட்சியகம் என்றதும் ராஜாவின் வாளும் கிரீடமும் நினைவுக்கு வரும். இங்கே இருப்பவை சாதாரண மக்களின் பொருள்கள். துணிமணி, பாத்திரம், கடிதம். அகதிகளாக வந்தவர்கள் கையோடு கொண்டு வந்தவை. அவர்களின் குடும்பத்தார் கொடுத்தவை.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. அப்போதே இந்தியா, பாகிஸ்தான் என இரண்டானது. பஞ்சாபும் வங்காளமும் துண்டாயின. எல்லைக் கோட்டை முடிவு செய்தவர் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர். அவருக்குக் கிடைத்தது ஐந்து வாரம்தான்.

ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். முஸ்லிம்கள் அந்தப் பக்கம். இந்துக்களும் சீக்கியர்களும் இந்தப் பக்கம். வழியெல்லாம் கொலை, கொள்ளை. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் பூவேலை செய்த மேல்சட்டை ஒன்று உண்டு. அருகே ஒரு தோல் பெட்டி. சட்டை ஒரு பெண்ணுடையது. பெட்டி ஓர் ஆணுடையது. இருவருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கலவரம் அவர்களைப் பிரித்தது. பிறகு அமிர்தசரஸ் அகதி முகாமில், சாப்பாட்டு வரிசையில், மறுபடி சந்தித்தார்கள். திருமணம் செய்து கொண்டார்கள்.

ஒரு கிணறும் அங்கே அமைத்திருக்கிறார்கள். கலவரக்காரர்களுக்குப் பயந்து பல பெண்கள் கிணற்றில் குதித்து இறந்தார்கள். சில இடங்களில், 'மானம் போய்விடும்' என்று சொல்லி, வீட்டு ஆண்களே பெண்களைக் கொன்றார்கள். கிணறு அதை நினைவூட்டுகிறது.

'இதையெல்லாம் ஏன் காட்ட வேண்டும்? பழைய புண்ணைக் கிளறலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மூடி வைத்த புண் உள்ளேயே சீழ் பிடிக்கும். பெரியவர்கள் பலர் பேசாமலே இறந்து போனார்கள். பேரப் பிள்ளைகளுக்கு வதந்திதான் மிஞ்சும். வதந்தி பகையை வளர்க்கும்.

எனவே அருங்காட்சியகத்துக்கு ஒரு பொறுப்பு உண்டு. நடந்ததை மறைக்கக் கூடாது. கூட்டியும் சொல்லக் கூடாது. ஒரு தரப்பின் சாவை மட்டும் சொன்னால் கோபம்தான் மிஞ்சும். இரு தரப்பிலும் கொன்றவர்கள் இருந்தார்கள். இரு தரப்பிலும் செத்தவர்கள் இருந்தார்கள். காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். சீக்கியரை ஒளித்து வைத்த முஸ்லிம்கள் உண்டு. முஸ்லிம்களை ஒளித்து வைத்த சீக்கியர்கள் உண்டு. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

கடைசி அறையில் ஒரு மரம் இருக்கிறது. முள்கம்பியால் செய்த மரம். பார்க்க வருபவர்கள் இலை வடிவக் காகிதத்தில் தங்கள் எண்ணத்தை எழுதி அதில் மாட்டுகிறார்கள். முள்மரம் பச்சையாகிறது.

எழுதத் தெரிந்த யாரும் அங்கே ஓர் இலை மாட்டலாம். நீங்கள் போனால் என்ன எழுதுவீர்கள்?