டோபமைன் ஏற்பிகளும் அவற்றின் இருப்பிடமும்

டோபமைன் என்றாலே இன்பம் தரும் இரசாயனம் என்று சொல்லி முடித்துவிடுவது இந்நாளைய வழக்கம். ஆனால் அதே பொருள்தான் கைகால்களின் அசைவையும், பாற்சுரப்பையும், வயிற்றைப் புரட்டும் குமட்டலையும் ஆள்கிறது என்பதை அறிந்தவர் அவ்வாறு சொல்லத் துணியமாட்டார். ஒரு பொருளுக்கு இத்தனை காரியங்கள் வாய்த்த காரணம், அது மூளையின் எந்தப் பிரதேசத்தில் எந்த ஏற்பியைப் போய்ப் பற்றுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

ஐந்து வகை, இரண்டு குலம்

நரம்பணுவின் மேற்புறத்தில் டோபமைனை ஏற்பதற்கென்றே அமைந்த புரதங்கள் ஏற்பிகள் எனப்படும். 1979-இல் கெபாபியன், கால்னே என்னும் இருவர் அவற்றை டி1, டி2 என்று பகுத்தனர். பிற்கால மரபணு ஆராய்ச்சி அவ்விரண்டையும் ஐந்தாக விரித்தது. டி1, டி5 ஆகியவை அணுவினுள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் தூதுப்பொருளைப் பெருக்குவன. டி2, டி3, டி4 ஆகியவை அதைக் குறைப்பன.

எங்கே செறிவு, எங்கே அருகல்

எலியாயினும் குரங்காயினும் மனிதனாயினும், டி1, டி2 ஏற்பிகள் மிகச் செறிந்திருப்பது பெருமூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியிலேயே. நடுமூளையில் கருநிறமாய்த் தோன்றும் ஓரிடத்து அணுக்கள், தம் நெடிய இழைகளின் வழியே இங்கே டோபமைனைச் சொரிகின்றன. அது டி1 வாயிலாக அசைவைத் தூண்டும் பாதையை ஊக்கியும், டி2 வாயிலாக அசைவைத் தடுக்கும் பாதையை அடக்கியும், உடலை இசைவாக இயங்கச் செய்கிறது. அவ்வணுக்கள் மடியும்போது தோன்றுவதே நடுக்கமும் விறைப்பும் மந்தமும் கூடிய பார்க்கின்சன் வியாதி.

நெற்றிப்புறத்து மூளைப் புறணியில் டி1 ஓரளவு உண்டு. டி2 மிகவும் அருகியது. டி3 ஊக்கத்தோடும் நாட்டத்தோடும் சம்பந்தப்பட்ட அக்கம்பென்ஸ் பகுதியிலும், டி4 புறணியிலும் கண்ணின் விழித்திரையிலும், டி5 நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸிலும் காணப்படுகின்றன.

வாந்தி மருந்தும் திருகும் கழுத்தும்

மூளைத்தண்டின் பின்புறத்தில் வாந்தியைத் தூண்டும் சிறு பகுதி ஒன்று உண்டு. குருதியிலுள்ள பொருள்களை மூளைக்குள் புகவிடாத தடுப்பு அங்கே தளர்ந்திருக்கிறது. அங்குள்ள டி2 ஏற்பியை அடைத்துக் குமட்டலைத் தணிப்பதே மெட்டோகுளோப்ரமைட் என்னும் மருந்தின் வேலை. ஆயினும் அது அத்துடன் நில்லாமல் தடுப்பைக் கடந்து ஸ்ட்ரையேட்டத்திலுள்ள டி2-வையும் அடைப்பதால், சாதாரண வாந்திக்கு மாத்திரை விழுங்கிய இளைஞருக்கு, ஓரிரு நாளுக்குள் கழுத்து ஒருபுறம் திருகி, கண்கள் மேல்நோக்கிச் செருகி, தாடை இறுகிக்கொள்வதுண்டு. வலிப்பு என்றும் காற்று கருப்பு என்றும் அஞ்சி வீட்டார் அலைக்கழிவதற்கு அவசியமில்லை. மருத்துவமனையில் இதற்கென்று போடும் ஊசியில் பெரும்பாலும் விரைவில் தெளிந்துவிடும். டோம்பெரிடோன் அத்தடுப்பை எளிதில் கடப்பதில்லை என்பதால் இத்தொல்லை அதில் அரிது. எனினும் இதயத் துடிப்பின் ஒழுங்கை அது கெடுக்கக்கூடும் ஆகையால், அதையும் கேள்விமுறையின்றி வாங்கி விழுங்குவது தகாது.

மனநோய் மருந்தும் பாற்சுரப்பும்

பிட்யூட்டரி சுரப்பியின் டி2 ஏற்பி, பாற்சுரப்புக்குரிய புரோலாக்டினை அடக்கி வைப்பது. ஹாலோபெரிடால் முதலிய மனநோய் மருந்துகள் இதையும் அடைத்துவிடுவதால், சில பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும், மகப்பேறின்றியே பால் கசிவதும் நேர்கின்றன. ஸ்ட்ரையேட்டத்து டி2 ஏற்பிகளில் ஏறக்குறைய 65 விழுக்காடு அடைபடும்போது நோய் தணிவதையும், 80 விழுக்காட்டை நெருங்கும்போது விறைப்பும் நடுக்கமும் தலைதூக்குவதையும் மூளைப்படங்கள் காட்டியிருக்கின்றன. மருந்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் வைத்தியர் நிதானிப்பது இந்தக் குறுகிய இடைவெளியின் பொருட்டே. அது வீண் தயக்கம் அன்று என்பது என் அபிப்பிராயம்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

வீட்டில் பார்க்கின்சன் நோயாளி இருப்பாராயின், அவருக்கு வாந்தி மருந்து வாங்குமுன் அந்நோயைப் பற்றி வைத்தியரிடமும் மருந்துக்கடையிலும் மறவாமல் கூறுங்கள். மனநோய் மருந்தால் விறைப்போ, பாற்கசிவோ கண்டால், வெட்கத்தால் மறைக்காமலும், மருந்தைத் தாமாகவே நிறுத்தாமலும், எழுதிக்கொடுத்தவரிடமே போய்ச் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் உள்ளன.