மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் நெற்பயிரும்

கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறை ஆகிய ஊர்களின் வயல் வரம்புகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும், வெயிலேறிய வேளையில் நிலத்தையொட்டித் தாழப் பறக்கும் சிறிய மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைக் காணாத கமக்காரர் இலர். எலுமிச்சை நிறமான அதன் முன்சிறகுகளுக்குக் கருங்கரை உண்டு. ஆபிரிக்கா முதல் அவுஸ்திரேலியா வரை இவ்வினம் வாழ்கின்றது.

பெண்பூச்சி அகத்தி, தகரை, வாகை முதலியவற்றின் இலைகளில் முட்டைகளைத் தனித்தனியே இடும். வெளிவரும் பச்சைப் புழு அவ்விலைகளையே உண்டு வளர்ந்து, கூட்டுப்புழுவாகிப் பின்னர்ச் சிறகு பெறும். வளர்ந்த பூச்சி பூந்தேனை அருந்தும். நெற்பயிரை இது எப்பருவத்திலும் உண்பதில்லை.

நெல்லுக்குப் பகையாவது மஞ்சள் தண்டு துளைப்பான் என்னும் அந்துப்பூச்சியாகும். அது பகலில் பயிரினுள் ஒடுங்கியிருந்து, இரவில் விளக்கொளியை நாடி வரும். பெண்ணின் முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. அது முட்டைகளை இலைநுனிப் பக்கம் குவியலாக இட்டு, மயிரினால் மூடும். புழு தண்டைத் துளைப்பதால் இளம்பயிரின் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தவுடன் கழன்று வரும். கதிர்ப்பருவத்தில் மணியற்ற வெண்கதிர் தோன்றும்.

ஆகையால், பகலில் மஞ்சட் சிறகைக் கண்டு கிருமிநாசினி தெளித்தல் வீண் செலவாகும். தண்டு துளைப்பானை அழிக்கும் சிறு குளவிகளும் சிலந்திகளும் அதனால் மடிந்துபோகும். அகத்திக் கன்றிற் புழு மிகுந்தால் கையாற் பொறுக்கி நீக்கலாம். வயலிலோ, முதலிற் குருத்தையும் இலைநுனியையும் நோக்குக. ஐயமிருப்பின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிதல் நன்று.