சீட்டு குலுக்கிவிட்டால் நியாயம் ஆகிவிடுமா?

குதிரைப் பந்தயம் என்றதும் நமக்குக் கிண்டிதான் நினைவுக்கு வரும்: முதுகில் ஜாக்கி, நாலுகால் பாய்ச்சல். அமெரிக்கா, கனடா, சுவீடன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் இன்னொரு வகைப் பந்தயம் வேரூன்றியிருக்கிறது. அதன் பெயர் ஹார்னஸ் ரேஸிங். நம்மூர்க் குதிரை வண்டிப் பந்தயத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். சல்கி என்ற எடை குறைந்த இரண்டு சக்கர வண்டியில் சாரதி உட்கார்ந்து ஓட்டுவார். குதிரை பாயக் கூடாது என்பதுதான் முக்கியமான விதி. டிராட்டர் வகைக் குதிரை முன்னங்காலையும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலையும் ஒன்றாக எடுத்து வைக்கும். பேசர் வகைக் குதிரை ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து வீசும். வேகத்தில் நடை பிசகிப் பாய்ச்சலுக்குத் தாவினால், சாரதி கடிவாளத்தை இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மற்ற வண்டிகள் கைக்கு எட்டாத தூரம் போயிருக்கும்.

இந்தப் பந்தயத்தின் பெரிய விழாக்களில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வருகிறது. 1926-இல் தொடங்கிய ஹாம்பிள்டோனியன் மூன்று வயது டிராட்டர்களுக்கானது. இப்போது நியூஜெர்சியின் மெடோலேண்ட்ஸ் மைதானத்தில் நடக்கிறது. 1946 முதல் ஒகையோ மாநிலத்து டெலவேர் ஊரில் நடக்கும் லிட்டில் பிரவுன் ஜக் மூன்று வயது பேசர்களுக்கானது. ஒரே ஓட்டத்தில் அடங்காத அளவுக்குக் குதிரைகள் பெயர் கொடுத்துவிட்டால், அவற்றை இரண்டு மூன்று குழுக்களாகப் பிரித்துத் தகுதி ஓட்டம் நடத்துவார்கள். அதற்கு ஹீட் என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டிலும் முன்னால் வரும் சில குதிரைகள் இறுதி ஓட்டத்துக்குப் போகும், மற்றவை லாயத்துக்குத் திரும்பும். எந்தக் குதிரை எந்த ஹீட்டில் ஓட வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வதா, அல்லது சிறந்த குதிரைகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு எல்லா ஹீட்டுகளிலும் சமமாகப் பரப்பி வைப்பதா என்பதுதான் கேள்வி. பின்னதற்கு சீடிங் என்று பெயர். டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு இது பழகிய சொல்.

உரிமையாளர்களில் பலருக்கு சீடிங் பிடிப்பதில்லை. நாங்களும் அதே கட்டணம்தானே கட்டினோம், எங்கள் குதிரை மட்டும் ஏன் இரண்டாம் தரமாக எண்ணப்பட வேண்டும் என்கிறார்கள். இந்தக் கோபத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இத்தகைய பந்தயங்களுக்குப் பெரும்பாலும் குதிரை குட்டியாக இருக்கும்போதே பெயர் பதிய வேண்டும். பிறகு தவணை தவணையாகப் பணம் கட்டி அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தவணை தவறினாலும் உரிமை போய்விடும். தீவனம், பயிற்சியாளர் கூலி, லாடம், கால்நடை மருத்துவர் செலவு எல்லாம் தனி. இவ்வளவும் செலவழித்துக் களத்துக்கு வந்தவர், தன் குதிரையின் விதியை யாரோ ஓர் அதிகாரியின் பட்டியல் தீர்மானிப்பதைவிடக் குலுக்கலில் விழும் சீட்டு தீர்மானிக்கட்டும் என்று நினைப்பது இயல்புதான். சீட்டுக்கு ஆள் பார்க்கத் தெரியாது அல்லவா?

ஆனால் அந்தச் சீட்டு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 18 குதிரைகள், ஹீட்டுக்கு 9 வீதம் இரண்டு ஹீட்டுகள், ஒவ்வொன்றிலும் முதல் 5 குதிரைகள் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். 18-இல் 4 குதிரைகள் மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்தவை. வெறும் குலுக்கலில் இந்த நான்கும் இரண்டுக்கு இரண்டாகச் சரியாகப் பிரிவது 100-க்கு சுமார் 42 முறைதான். மூன்று ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் விழுவது 49 முறை. நான்கும் ஒரே ஹீட்டில் போய் மாட்டுவது 8 முறை. அதாவது பாதிக்கும் மேற்பட்ட குலுக்கல்களில் ஒரு ஹீட் கடினமாகவும் இன்னொன்று எளிதாகவும் அமைந்துவிடுகிறது.

இதில் அடிபடுவது யார்? அந்த நான்கு குதிரைகளின் சொந்தக்காரர்கள் அல்ல. நடை பிசகாமல் ஓடினால் நான்கும் எந்த ஹீட்டில் இருந்தாலும் முதல் ஐந்துக்குள் வந்துவிடும். அடிபடுவது அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ள குதிரைகள்தான். நான்கும் குவிந்த ஹீட்டில் மீதமுள்ள 5 குதிரைகள் ஒரே ஓர் இடத்துக்கு முட்டிமோத வேண்டும். எதிர் ஹீட்டில் 9 குதிரைகளுக்கு 5 இடங்கள் திறந்து கிடக்கும். மூன்றுக்கு ஒன்று என்று பிரிந்தால், ஒரு பக்கம் 6 குதிரைக்கு 2 இடம், மறுபக்கம் 8 குதிரைக்கு 4 இடம். சீடிங் செய்து இரண்டுக்கு இரண்டாகப் பிரித்தால் இரு ஹீட்டுகளிலும் 7 குதிரைக்கு 3 இடம். சிறந்த குதிரைகளுக்குச் செய்யும் சலுகை என்று பேசப்படும் ஏற்பாடு, உண்மையில் நடுத்தரக் குதிரையின் உரிமையாளருக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

உடனே ஒரு மறுப்பு எழும். குலுக்கலிலும் சராசரி அதேதானே, நடுத்தரக் குதிரைகள் 14-க்கும் சேர்த்து மொத்தம் 6 இடங்கள்தானே, இன்று கெட்ட சீட்டு விழுந்தவருக்கு நாளை நல்ல சீட்டு விழாதா என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் சராசரி யாருக்குக் கை கொடுக்கும் என்று கேட்க வேண்டும். பெரிய லாயம் ஒன்று ஒரே பந்தயத்துக்கு மூன்று நான்கு குதிரைகளை அனுப்பும், அடுத்த ஆண்டும் அனுப்பும். அதற்கு ஒரு சீட்டு கெட்டாலும் இன்னொரு சீட்டு ஈடு செய்துவிடும். ஒரே ஒரு குதிரையை நான்கைந்து பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு அந்த நாளை வருவதே இல்லை. மூன்று வயதுக் குதிரைகளுக்கான பந்தயத்தில் ஒரு குதிரை வாழ்நாளில் ஒரே ஒரு பருவம்தான் ஓட முடியும். அதிர்ஷ்டம் காலப்போக்கில் சமமாகும் என்ற ஆறுதல் பெரிய லாயக்காரருக்குத்தான் பொருந்தும். சின்ன உரிமையாளரின் பக்கம் நிற்பதாகத் தோன்றும் குலுக்கல் கடைசியில் அவரைத்தான் கைவிடுகிறது.

ஹீட்டுகளுக்கு இடையிலான இந்த ஏற்றத்தாழ்வின் கனம், ஹீட்டும் இறுதி ஓட்டமும் ஒரே நாளில் நடக்கும் இடங்களில் இன்னும் கூடுகிறது. முதல் ஓட்டம் முடிந்ததும் குதிரையைச் சல்கியிலிருந்து அவிழ்த்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மேலே போர்வை போட்டு, ஆவி பறக்கும் உடம்போடு மெதுவாக நடத்திக்கொண்டே இருப்பார்கள். சிறிது சிறிதாகத் தண்ணீர் காட்டுவார்கள். மூச்சு சீராகிக் கால்களின் சூடு தணிவதற்குள் மறுபடி பூட்டும் நேரம் வந்துவிடும். சுவீடனின் சோல்வாலா மைதானத்தில் நடக்கும் புகழ்பெற்ற எலித்லோப்பெட் பந்தயம் இந்த வகைதான்: 16 குதிரைகள், இரண்டு ஹீட்டுகள், ஒவ்வொன்றிலும் முதல் 4, அதே நாளில் இறுதி. இப்படிப்பட்ட நாளில் ஒரு ஹீட் உயிரைப் பிழிந்தும் இன்னொன்று உலாவப் போனதுபோலவும் அமைந்துவிட்டால், இறுதி ஓட்டத்தின் முடிவில் பாதி அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

சீடிங் வந்தால் பயிற்சியாளர்கள் குதிரையின் திறமையை மறைத்துவைத்துத் தரவரிசையில் கீழே நிற்க முயல்வார்கள் என்ற அச்சமும் உண்டு. முதல் நான்கை மட்டும் பரப்பி வைக்கும் முறையில் அந்தத் தந்திரம் நஷ்டத்தில் முடியும். பட்டியலில் இடம்பெற்ற குதிரை தன் ஹீட்டில் இன்னொரு உயர்ந்த குதிரையை மட்டுமே எதிர்கொள்ளும். பட்டியலுக்கு வெளியே நிற்கும் குதிரை இரண்டை எதிர்கொள்ள வேண்டும். திறமையை ஒளிப்பவர் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்கிறார்.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் நான் முழுமையாக ஏற்றுக்கொள்ளும் இடம் பரிசுப் பணம். வட அமெரிக்காவில் ஓர் ஓட்டத்தின் பரிசு வழக்கமாக முதல் ஐந்து இடங்களுக்கு 50, 25, 12, 8, 5 சதவீதம் என்று பிரிக்கப்படும். ஹீட்டுக்கே தனிப் பரிசு இருந்தால் கணக்கு மாறுகிறது. ஹீட்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் 2 லட்சம் என்று வையுங்கள். நான்கு சிறந்த குதிரைகளும் தரத்துக்கேற்ப ஓடினால், குலுக்கல் முறையில் அவற்றுக்குச் சராசரியாக சுமார் 1,39,000 டாலர் போகும். சீடிங் செய்தால் 1,50,000 போகும். அந்தப் 11,000 டாலர் மற்றவர்கள் பையிலிருந்து வருவது. இது அநியாயம்தான். இதற்குத் தீர்வு சீடிங்கைக் கைவிடுவது அல்ல. ஹீட் பரிசைச் சிறிதாக்கி, அதை ஓடிய எல்லாக் குதிரைகளுக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு, பெரும்பணத்தை இறுதி ஓட்டத்தில் வைத்துவிடலாம்.

தொடக்க இடமும் அப்படித்தான். மடக்குச் சிறகுகள் விரித்த கார் ஒன்று முன்னால் ஓட, அதன் பின்னால் வரிசை பிடித்து வந்து வேகமெடுப்பதுதான் இங்கே தொடக்கம். டெலவேரில் தடம் அரை மைல். ஒரு மைல் ஓட இரண்டு சுற்று, நான்கு வளைவு. வெளி வரிசையில் மாட்டிய குதிரை ஒவ்வொரு வளைவிலும் கூடுதல் தூரம் ஓட வேண்டும். ஆகவே உள்வேலியை ஒட்டிய இடம் என்பது பெரிய சொத்து. ஹீட்டில் சீடிங் என்ற வசதியைப் பெற்ற குதிரைக்கே, அங்கே ஜெயித்ததற்காக இறுதி ஓட்டத்தில் நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் கொடுத்தால் ஒரே தகுதிக்கு இரண்டு கூலி ஆகிவிடும். குழு பிரிப்பதில் சீடிங் இருக்கட்டும், நிற்கும் இடத்தைக் குலுக்கலே முடிவு செய்யட்டும். சீட்டுக்கு உரிய இடம் அதுதான்.

கடைசியாக, அந்த நான்கு குதிரைகளை எதை வைத்துத் தேர்வது? சம்பாதித்த பணத்தை மட்டும் பார்த்தால், சொந்த மாநிலக் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயங்களில் போட்டி குறைந்த களத்தில் ஜெயித்த குதிரை மேலே வந்துவிடும். நேரத்தை மட்டும் பார்த்தால், இரண்டே வளைவுள்ள ஒரு மைல் தடத்தில் ஓடியதற்கும் அரை மைல் தடத்தில் ஓடியதற்கும் ஒப்பீடு செல்லாது. எந்த அளவுகோலிலும் குறை இருக்கும். எல்லோருக்கும் திறந்த பெரிய பந்தயங்களில், அந்த ஆண்டில் பெற்ற இடங்களுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுவதே இருப்பதில் நேர்மையான வழி என்பது என் கருத்து. அதைவிட முக்கியமானது, அந்த விதி கடைசித் தவணை கட்டும் நாளுக்கு முன்பே எழுத்தில் வெளியாக வேண்டும் என்பது. பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டுவதா விலகுவதா என்று முடிவெடுக்கும் உரிமை உரிமையாளருக்கு வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு அதிகாரியின் விருப்பப்படி பட்டியல் போடும் பந்தயம் எதுவானாலும், அங்கே பழைய குலுக்கலே இருந்துவிட்டுப் போகட்டும்.