பால் பத்தலையா? பிள்ளையின் நாக்கைப் பாருங்கள்!

"ஏட்டி, இப்பந்தானே அரை மணி நேரம் குடிச்சுச்சு... மறுபடியும் அழுதே! உனக்குப் பால் பத்தலை போல. பேசாம டின் பால் வாங்கிர வேண்டியதுதான்."

தென்காசி மாவட்டம் திருவேங்கடத்தில், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளிடம் ஓர் அம்மா இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டும். ராத்தூக்கம் போச்சு. மகளுக்கோ மார்க்காம்பில் வெடிப்பு; பிள்ளையை எடுக்கும்போதெல்லாம் கண்ணீர். யார் மேல் குற்றம்?

யார் மேலும் இல்லை. பிள்ளையின் வாயை ஒருமுறை பாருங்கள்.

நாக்கு ஒட்டு என்றால் என்ன?

நம் எல்லோருக்கும் நாக்கின் அடியில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. சில குழந்தைகளுக்கு அது பிறவியிலேயே குட்டையாகவோ, தடித்தோ, நாக்கு நுனி வரை ஒட்டியோ இருக்கும்.

பால் குடிக்கும்போது குழந்தை நாக்கைக் கீழ் ஈறுக்கு மேலே நீட்டி, காம்போடு அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தையும் வாய்க்குள் வாங்க வேண்டும். நாக்கு நீளவில்லை என்றால் காம்பை மட்டும் ஈறால் கவ்வும். அம்மாவுக்கு வலி, பிள்ளைக்கு அரை வயிறு! மார்பு காலியாகாமல் இருந்தால் நாளடைவில் சுரப்பும் குறையும். இல்லாத குறை நிஜமாகவே வந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* அழும்போது நாக்கு மேலே எழும்பாது. நுனி இதய வடிவில் பிளந்த மாதிரி தெரியும்.

* நாக்கு கீழ் உதட்டைத் தாண்டாது.

* குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். பிடி அடிக்கடி நழுவும்.

* குடித்து முடித்ததும் காம்பு நசுங்கித் தட்டையாக இருக்கும்.

* முதல் வாரத்துக்குப் பிறகும் ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறைவாக மூத்திரம் போவது, இரண்டு வாரமாகியும் பிறந்த எடையை எட்டாதது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

உடனே வெட்டணுமா?

அவசரமே வேண்டாம். ஒட்டு இருந்தும் நன்றாகக் குடித்து எடை கூடும் குழந்தைகள் நிறைய. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2024-ல் வெளியிட்ட அறிக்கையும், முதலில் பால் கொடுக்கும் முறையைத்தான் சரிபார்க்கச் சொல்கிறது. பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். வாயை அகலத் திறக்கும் வரை பொறுத்து, தாடை மார்பில் படும்படி அணையுங்கள். கிராம சுகாதார செவிலியரை அருகில் உட்காரவைத்து ஒரு தடவை கொடுத்துக் காட்டுங்கள்.

அதற்கும் சரியாகவில்லையா? சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையிலோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் சவ்வைச் சின்னதாக நறுக்கிவிடுவார்கள். சில விநாடி வேலை. ஓரிரு சொட்டு ரத்தம். உடனே பால் கொடுக்கலாம். பிறந்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்பதையும், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இதெல்லாம் கூடவே கூடாது!

நகத்தாலோ பிளேடாலோ வீட்டில் கீறாதீர்கள். ரத்தப்போக்கும் சீழும் உயிருக்கே உலை வைக்கும். நாக்கில் வசம்பு தேய்த்தால் ஒட்டு விடாது. ஒரு வயது வரை தேன் தொட்டு வைக்காதீர்கள்.

"பிள்ளைக்குப் பேச்சே வராதோ?" என்ற பயமும் வேண்டாம். சிலருக்கு 'ர', 'ல' போன்ற எழுத்துகள் சிரமப்படலாம். அதனால் பேச்சே வராமல் போகாது. பேச்சு தாமதமானால் முதலில் காதைப் பரிசோதியுங்கள்.

பாட்டிமார்களே, பிள்ளை பெற்றவளிடம் "உனக்குப் பால் இல்லை" என்று சொல்லும் முன், ஒரே ஒரு தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளை எப்படிக் குடிக்கிறது என்று பாருங்கள். டின் பாலுக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை அதுதான்!